தண்ணீர் தேங்கும் இடம் வேறு, ஓட்டை வேறு: விஞ்ஞானப் புனைகதை நாவலில் பிழை தேடும் விதம்

திருகோணமலை உப்புவெளிக் கரையில் பைபர் வள்ளம் திருத்துகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்பது என் பழைய பொழுதுபோக்கு. வள்ளத்துக்குள் தண்ணீர் ஏறுகிறது என்று யாராவது கொண்டுவந்தால், தண்ணீர் எங்கே தேங்கியது என்று அவர்கள் கேட்பதே இல்லை. எஞ்சின் பாரம் பின்பக்கம் இருப்பதால் தண்ணீரும் அங்கேதான் தேங்கும். அவர்கள் வள்ளத்தைக் கரையில் ஏற்றி, உள்ளே வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, வெளியே சுற்றிவந்து எங்கே கசிகிறது என்று பார்க்கிறார்கள். கசியும் இடத்துக்குக் கரியால் ஒரு வட்டம் போட்ட பிறகுதான் ஓட்டையை அடைக்கும் ரெசின் டப்பாவைத் திறக்கிறார்கள்.

சில ஆண்டுகளாக என்னிடம் நாவல் பிரதிகள் வருகின்றன. கிண்ணியா, மூதூர், நகரம் என்று எங்கிருந்தாவது ஒரு பிள்ளை சீஆர் கொப்பியோடு வந்து நிற்கிறது. பாதிக்கு மேல் விஞ்ஞானப் புனைகதைதான். கொடுக்கும்போதே நோயையும் சொல்லிவிடுவார்கள்: “ஆறாம் அத்தியாயம் சரியில்லை, எல்லாரும் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள்.” படித்துப் பார்த்தால் ஆறாம் அத்தியாயத்தில் ஒரு குறையும் இருக்காது. அது வள்ளத்தின் பின்பக்கம்.

ஆகவே அறிகுறிகளின்படி எழுதுகிறேன். உங்களுடையது எதுவோ அங்கே நேரே போகலாம். முதலாவதை மட்டும் எல்லாரும் படியுங்கள். அதில் என் சொந்த வள்ளம் மூழ்கிய கதை இருக்கிறது.

“அந்த இயந்திரம்தான் இருக்கிறதே, ஏன் பயன்படுத்தவில்லை?” என்று வாசகர் கேட்கிறார்

என் முதல் நாவல் 2090இல் திருகோணமலைத் துறைமுகத்தில் நடப்பது. நாயகி மாலதி துறைமுகத்தில் கப்பல்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் அதிகாரி. அடுத்தவர் மனத்தில் உள்ளதைப் படிக்கும் ஒரு தலைக்கவசம் அவளிடம் இருக்கிறது. மூன்றாம் அத்தியாயத்தில், மூழ்கிய கப்பலிலிருந்து பிழைத்துப் பேச்சிழந்து கிடக்கும் சிறுவனின் நினைவிலிருந்து கப்பலின் பெயரைக் கண்டுபிடிக்கிறாள். படித்தவர்கள் எல்லாரும் அந்த அத்தியாயத்தைப் பாராட்டினார்கள். நானும் தலைகால் தெரியாமல் நடந்தேன்.

பத்தொன்பதாம் அத்தியாயத்தில் துறைமுகத்தில் ஒரு வெடிப்பு. சதிகாரன் ஐந்து பேரில் ஒருவன். ஐவரும் ஒரே அறையில் இருக்கிறார்கள். மாலதி 42 பக்கங்களுக்கு அவர்களை விசாரிக்கிறாள். அப்போது சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த என் தங்கையின் மகள், கச்சான் கொறித்துக்கொண்டே பிரதியைப் படித்தவள், நிமிர்ந்து கேட்டாள்: “மாமா, அந்தத் தலைக்கவசம் எங்கே? தொலைந்துவிட்டதா?”

அன்றிரவே ஒரு வரி சேர்த்தேன்: கவசத்தின் பற்றரி தீர்ந்துவிட்டது. மறுநாள் அவள், “மூன்று நாளாகவா?” என்றாள். அரசாங்கம் அதன் பாவனையைத் தடைசெய்துவிட்டது என்று மாற்றினேன். “வெடிகுண்டு வெடித்த பிறகுமா?” என்றாள். ஒட்டுப்போடப் போட, ஒட்டுத்தான் தெரிந்தது.

ஓட்டை மூன்றாம் அத்தியாயத்தில் இருந்தது. அங்கே அந்தக் கவசத்தை நான் மாலதிக்கு இலவசமாகக் கொடுத்திருந்தேன். மாட்டினாள், பார்த்தாள், கழற்றினாள். அவளுக்கு ஒரு சதம் செலவில்லை. விலை இல்லாத கருவியை ஏன் பயன்படுத்தவில்லை என்று கேட்க வாசகருக்கு முழு உரிமை உண்டு.

விலையைப் பற்றி யோசிக்கத் தொடங்கியபோதுதான் வழி பிறந்தது. கவசம் இரண்டு பக்கமும் படிக்கும் என்று வைத்தேன். யார் பார்க்கிறாரோ அவருடைய மனமும் எதிரிலிருப்பவருக்குத் திறந்துவிடும். இப்போது 42 பக்கமும் மாலதி கவசத்தை எடுக்காததற்குக் காரணம் வேண்டும். அவளிடம் மறைக்க ஏதாவது இருக்கவேண்டும். அங்கே மாட்டிக்கொண்டேன். நான் படைத்த மாலதி நேர்மையானவள், துணிச்சலானவள், மூன்று மொழிகள் பேசுகிறவள். மறைப்பதற்கு அவளிடம் ஒன்றுமே இல்லை! இரண்டு வாரம் அவளோடு சண்டை போட்டபின் கண்டுபிடித்தேன்: அந்தச் சிறுவன் வந்த கப்பலைக் கீழே இறங்கிப் பார்க்காமலே, மேசையிலிருந்தபடி பாதுகாப்புச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டவள் அவள்தான். மூன்றாம் அத்தியாயத்தில் சிறுவனின் நினைவில் கப்பலின் பெயரைப் பார்த்தபோது அவள் வாய்விட்டுச் சொல்லத் தயங்கியது அதனால்தான். பேச்சிழந்த அந்தச் சிறுவன் ஒருவனுக்குத்தான் அவளுடைய கையெழுத்துப் பற்றித் தெரியும்.

நாவல் அதற்குப் பிறகுதான் உயிர் பெற்றது. கதைப்பின்னலில் ஓட்டை என்று என் மருமகள் காட்டியது, பாத்திரத்தில் ஒரு கீறல்கூட இல்லாததால் வந்த வினை.

சோதனை: ஒரு தாளில் உங்கள் நாவலின் கண்டுபிடிப்புகளை ஒவ்வொன்றாக எழுதி, எதிரே யார் பாவிக்கலாம், பாவித்தால் யார் எதை இழப்பார் என்று எழுதுங்கள். இழப்பு என்ற இடம் வெறுமையாக இருந்தால் கரியை எடுங்கள். பற்றரி தீர்வது, தடைச்சட்டம் வருவது, கடவுச்சொல் மறந்துபோவது எல்லாம் குழாயை மூடுவது போல. அவற்றால் யாருக்கும் எந்த இழப்பும் இல்லை.

நடுவில் படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள்

முதல் ஐந்து அத்தியாயங்களைப் புதுமை இழுத்துக்கொண்டு போகும். பறக்கும் வாகனம், பேசும் வீடு என்று வேடிக்கை பார்க்க ஏதாவது இருக்கும். ஆறாவதில் புதுமை தீர்ந்து, பாத்திரம் தன் காலில் நிற்கவேண்டிய நேரம் வரும். பாத்திரத்துக்குக் கால் இல்லை.

“உங்கள் நாயகனுக்கு என்ன வேண்டும்?” என்று கேட்டால், “உலகைக் காப்பாற்றவேண்டும்” என்கிறார்கள். அது ஆசை இல்லை, உத்தியோகம்.

மூதூரிலிருந்து ஒரு பிள்ளை கொண்டுவந்த கதை நல்ல கதை. கடல் மட்டம் உயர்கிறது. ஒரு பொறியியலாளர் கொட்டியாரக்குடாவுக்குக் குறுக்கே கடற்சுவர் கட்டுகிறார். சுவர் உயர உயர அத்தியாயங்களும் கூடின, என் கொட்டாவியும் கூடியது. “இவர் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார்?” என்று கேட்டேன். பிள்ளைக்குக் கோபம் வந்துவிட்டது. எதிர்காலக் கதையில் கடன் எதற்கு என்றது. நான் வரைபடத்தை விரித்தேன். மகாவலி, நாட்டின் மிக நீளமான ஆறு, அந்தக் குடாவில்தான் கடலில் விழுகிறது. சுவர் கடலை வெளியே நிறுத்தினால் ஆற்றை உள்ளே நிறுத்தும். வடகீழ்ப் பருவமழை கொட்டும் மாதங்களில் கடலும் பொங்கும், ஆறும் பெருகும். சுவருக்கு வான்கதவு வைத்தே ஆகவேண்டும். அப்படியொரு மழை இரவில் கதவைத் திறந்தால் கரையில் இருக்கிற வீடுகளுக்குள் கடல் வரும். மூடினால் உட்புற வயல்கள் தாழும். அதைத் தீர்மானிப்பது யார்?

மூன்று வாரம் கழித்துப் பிள்ளை திரும்பி வந்தது. பொறியியலாளரின் படிப்புச் செலவுக்கு வயலை ஈடுவைத்தவர் அவருடைய மச்சான். அந்த வயல் உட்புறத்தில். பொறியியலாளரின் தாயார் வீட்டைவிட்டு வரமாட்டேன் என்று உட்கார்ந்திருப்பது கரையில். இனி அந்தச் சுவரில் வைக்கும் ஒவ்வொரு கல்லும் யாரோ ஒருவர் பக்கம் சாயும். நான் இடையில் தேத்தண்ணீர் குடிக்க எழும்பவில்லை.

சோதனை சுலபம். ஐந்தாம் அத்தியாயத்தையும் ஏழாம் அத்தியாயத்தையும் இடம் மாற்றி ஒருவரிடம் கொடுங்கள். அவருக்கு வித்தியாசம் தெரியாவிட்டால், உங்கள் நாயகன் எந்த முடிவும் எடுக்கவில்லை, நிகழ்ச்சிகள்தான் அவர்மேல் விழுந்துகொண்டிருக்கின்றன.

இரண்டு விஞ்ஞானிகள் தங்களுக்குத் தெரிந்ததையே ஒருவருக்கொருவர் சொல்கிறார்கள்

இது தொற்றுநோய். ஓர் உதாரணம், வந்த பிரதியிலிருந்து அல்ல, நானே எழுதிப் பார்த்தது:

“டாக்டர், உங்களுக்குத் தெரியும்தானே, கடலில் ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் அழுத்தம் ஒரு வளிமண்டலம் கூடுகிறது.”

“ஆம் பேராசிரியரே. நாம் இருக்கும் ஆயிரம் மீட்டர் ஆழத்தில் அது மேற்பரப்பைவிட ஏறத்தாழ நூறு மடங்கு.”

கணக்கில் பிழையில்லை. இடமும் பொருத்தம்தான், எங்கள் துறைமுக வாயிலை ஒட்டியே ஆழ்கடல் பள்ளத்தாக்கு ஒன்று இறங்குவதால் அத்தனை ஆழத்துக்கு வெகுதூரம் போகவேண்டியதில்லை. ஆனால் இரண்டு பேருக்கும் தெரிந்த விஷயத்தை அவர்கள் யாருக்காகப் பேசுகிறார்கள்? கதவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் வாசகருக்காக. வாசகர் ஒளிந்திருப்பது பாத்திரங்களுக்குத் தெரிந்துவிட்டால் நாடகம் போய்விட்டது.

வழக்கமாகச் சொல்லும் மருந்து, ஒன்றும் தெரியாத ஒரு உதவியாளரைச் சேர்த்து அவருக்கு விளக்குவது. எனக்கு அது பிடிப்பதில்லை. அந்த உதவியாளர் நாவல் முழுக்க “அப்படியா!” என்று சொல்லிக்கொண்டு திரிவார். தகவலை யாராவது ஒருவருக்கு வலிக்கும் இடத்தில் கொண்டுபோய் வையுங்கள்:

ரெஜிபோம் கோப்பை ஒன்றில் மகளின் பெயரை நீலப் பேனையால் எழுதி, கலத்தின் வெளிப்புறத்தில் வலைப்பைக்குள் வைத்துக் கட்டினாள். ஆயிரம் மீட்டர் போய்த் திரும்பி வந்தபோது கோப்பை விரல்நுனியில் மாட்டும் அளவுக்கு வந்திருந்தது. பெயர் அப்படியே இருந்தது, எழுத்துகள் கடுகாகியிருந்தன. பிள்ளை அதைப் பெருவிரலில் மாட்டிக்கொண்டு வீடு முழுக்க ஓடியது. பிறகு நின்று, “அம்மா, நீங்கள் மட்டும் ஏன் சுருங்கவில்லை?” என்று கேட்டது.

ரெஜிபோம் என்ற வெள்ளை நுரைப் பிளாஸ்டிக்குக்குள் இருப்பது பெரும்பாலும் காற்று. அழுத்தம் அதைப் பிழிந்துவிடும். ஆழ்கடல் ஆய்வுக்குப் போகிறவர்கள் உண்மையிலேயே இப்படிக் கோப்பைகளை அனுப்பி நினைவுப் பொருளாக வைத்துக்கொள்கிறார்கள். இந்தக் காட்சியில் எண் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. இருந்தும் அடுத்த முறை கலத்தின் யன்னலில் ஒரு மெல்லிய கீறல் விழுந்தால், அதன் பொருள் வாசகருக்கு நீங்கள் சொல்லாமலே தெரியும்.

முதல் இருபது பக்கம் 2175ஆம் ஆண்டு வரையிலான உலக வரலாறு

வெட்டுங்கள். நீங்கள் தெரிந்துகொள்வதற்காக எழுதியது அது. தனிக் கொப்பியில் வைத்திருங்கள்.

உள்ளூர் வாசகர் சிரிக்கிறார்

நிலாவெளிக் கடலில் சூரியன் மறைந்தது என்று எழுதியிருந்தார் ஒருவர். நிலாவெளி கிழக்கே பார்த்த கரை. அங்கே கடலிலிருந்து சூரியன் உதிக்கும். மறைவதானால் பூமி திசைமாறிச் சுற்றவேண்டும். மூன்று கிரகங்களுக்கிடையிலான யுத்தத்தை நம்பத் தயாராக இருந்த நான் அந்த ஒரு வரியில் நம்பிக்கை இழந்தேன். இன்னொரு பிரதியில் வற்றுப்பெருக்கின்போது கடல் ஒரு கிலோமீற்றர் உள்வாங்கி, ஒளிந்திருந்த விண்கலம் தெரிகிறது. எங்கள் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் வித்தியாசம் ஒரு மீற்றர்கூட இல்லை. 2004இல் கடல் உள்வாங்கியதைப் பார்த்தவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அந்த வரியைப் படிக்கும்போது அவர்களுக்கு விண்கலம் நினைவுக்கு வராது.

பொய் சொல்லக்கூடாது என்பதல்ல. ஒரு பெரிய பொய் சொல்ல உங்களுக்கு அனுமதி உண்டு, அதை முகத்துக்கு நேரே சொல்லவேண்டும். விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் இந்த நாட்டில் குடியேறி வாழ்ந்தவர். 1950களில் கோணேசர் கோயில் மலையடியில் கடலுக்குள் இறங்கிப் பழைய கோயிலின் எச்சங்களைப் பார்த்தவர். 1979இல் வெளிவந்த அவருடைய நாவல் பூமியிலிருந்து விண்ணுக்குப் போகும் ஒரு தூக்கியைப் பற்றியது. அது தொங்கவேண்டிய சுற்றுப்பாதை நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே, ஏறத்தாழ 35,786 கிலோமீற்றர் உயரத்தில் இருக்கிறது. இலங்கை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இருக்கிறது. திருகோணமலை எட்டரைப் பாகையில். அவர் என்ன செய்தார்? தீவை 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்திவிட்டு, நகர்த்தியதை நூலின் பின்னுரையில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். நாட்டையே தூக்கிவைத்தவரை நம்புகிறோம். சூரியனைத் தெரியாமல் மேற்கில் இறக்கியவரை நம்பமாட்டோம்.

இதன் மறுபக்கம்: பிழை ஒன்றுமில்லை, ஆனால் கதை எந்த ஊரிலும் நடக்கலாம் போலிருக்கிறது. 2120இல் சாரதி இல்லாத பஸ் ஓடுகிறது என்று எழுதுகிறீர்கள். சரி. மான்கள் நடமாடும் எங்கள் பிரட்ரிக் கோட்டை வாசலில் அந்த பஸ்ஸின் முன்னால் மான் ஒன்று படுத்து அசைபோடுகிறது. பஸ் என்ன செய்யும்? ஒலி எழுப்புமா, காத்திருக்குமா? உள்ளே ஆஸ்பத்திரிக்குப் போகும் கிழவி இறங்கி வந்து மானைத் துரத்துவாரா, அல்லது கையிலிருந்த வாழைப்பழத்தோலைக் கொடுத்து எழுப்புவாரா? கிழவிக்கு ஒரு குணம் வந்துவிட்டது பாருங்கள்.

எல்லாரும் ஒரே குரலில் பேசுகிறார்கள்

பேசுகிறவர் பெயர்களைக் காகிதத்தால் மறைத்துவிட்டு ஒரு பக்கத்தைப் படியுங்கள். யார் பேசுவது என்று தெரியாவிட்டால், எல்லாரும் நீங்கள்தான்.

நான் பார்த்த எதிர்காலத் திருகோணமலைகள் பலவற்றில் ஒரு சிங்களவரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை; எல்லாரும் எழுதியவருடைய தெருவில் பிறந்தவர்கள். நூறு ஆண்டில் மற்றவர்கள் எங்கே போனார்கள் என்பதற்கு நாவலில் பதிலும் இல்லை. இது கொள்கைப் பிரச்சினை இருக்கட்டும், முதலில் கைத்திறன் பிரச்சினை. தந்தையை “வாப்பா” என்று கூப்பிடுகிறவன் செவ்வாயில் இருந்தாலும் அப்படித்தான் கூப்பிடுவான். செவ்வாய்க்குச் செய்தி போய்ச்சேர, கோள்கள் நிற்கும் இடத்தைப் பொறுத்து மூன்று நிமிடம் முதல் இருபத்திரண்டு நிமிடம் வரை ஆகும். பதில் வர அதே நேரம் இன்னொரு முறை. அப்படியானால் மூதூரில் இருக்கும் வாப்பா எப்படிப் பேசுவார்? கேள்வி கேட்கமாட்டார். ஒரேயடியாக எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, மகன் என்ன பதில் சொல்லியிருப்பான் என்று ஊகித்து அதற்கும் பதில் சொல்லிவிடுவார். இது மற்ற எந்தப் பாத்திரத்தின் குரலோடும் குழம்பாது.

வில்லன் ஏன் இதைச் செய்கிறான் என்று தெரியவில்லை

வில்லன் சொல்வதுபோல ஒரு பக்கம் எழுதுங்கள், அவன் நியாயத்தில். எழுதி முடித்ததும் உங்களுக்கே அவன்மேல் பாதி சம்மதம் வரவில்லை என்றால் அவன் இன்னும் பிறக்கவில்லை. நாவலில் அந்தப் பக்கத்தைச் சேர்க்கவேண்டாம்.

முடிவில் வானத்திலிருந்து உதவி வருகிறது

எதிரியின் ஆளில்லா விமானங்கள் கிண்ணியாப் பாலத்தைச் சூழ்ந்துவிட்டன. நாயகி கண்ணை மூடுகிறாள். அந்தக் கணத்தில் சூரியப் புயல்! விமானங்கள் வழிதவறிக் கடலில் விழுகின்றன. சுபம்.

படித்தவர் ஏமாற்றமாக இருக்கிறது என்றார். எழுதியவர் கடைசி அத்தியாயத்தை நான்கு தடவை மாற்றி எழுதினார். புயலின் நிறங்கள்தான் கூடின. ஓட்டை கடைசி அத்தியாயத்தில் இல்லை. அந்தப் புயல் எவ்வளவு நேரம் எடுக்கும் என்று அவர் பார்க்கவில்லை. சூரியனில் வெடிப்பு நடந்தது ஒளியோடு எட்டு நிமிடத்தில் நமக்குத் தெரிந்துவிடும். ஆனால் அது வீசியெறியும் மின்னேற்றத் துகள்களின் மேகம் பூமிக்கு வர வழக்கமாக ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். 1859இல் வந்த பெரும் புயல் மிக வேகமானவற்றில் ஒன்று. அதற்கே பதினேழு மணித்தியாலத்துக்கு மேல் பிடித்தது.

அந்தப் பதினேழு மணித்தியாலத்தை நாயகியிடம் கொடுத்துப் பாருங்கள். செய்மதி வழிகாட்டல் குழம்பப்போகிறது என்பது அவளுக்கு முன்கூட்டியே தெரியும். எதிரிக்குத் தெரியாது. அதே இரவில் நாற்பது வள்ளங்கள் ஆழ்கடலில் நிற்கின்றன. ஜீபிஎஸ்ஸை நம்பிக் கரைதிரும்புகிறவர்கள். வானொலியில் எச்சரித்தால் எதிரியும் கேட்பான். எச்சரிக்காவிட்டால் விமானங்கள் விழும், வள்ளங்களும் திரும்பாமல் போகலாம். அவளுடைய அண்ணா அதில் ஒன்றில் இருக்கிறார் என்று எழுத உங்களுக்கு ஆசை வரும். அது கொஞ்சம் மலிவு. அண்ணாவோடு பத்து வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத பக்கத்து வீட்டுக்காரர் இருக்கட்டும்.

ஒன்றைத் திருத்தினேன், இன்னொன்று உடைந்தது

உடையும். ரெசின் காய்ந்ததும் வள்ளத்துக்குள் மறுபடி தண்ணீர் ஊற்றித்தான் ஆகவேண்டும். என் தலைக்கவசத்தை இரண்டு பக்கமும் படிக்கிறதாக மாற்றியபோது பத்தொன்பதாம் அத்தியாயம் நிமிர்ந்தது. பதினோராம் அத்தியாயம் நொறுங்கியது. அதில் மாலதியும் அவளுடைய கணவனும் விளையாட்டாகக் கவசத்தை மாட்டி ஒருவர் மனத்தை ஒருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். சான்றிதழ் விஷயம் கணவனுக்கு அங்கேயே தெரிந்துவிடும். அந்த அத்தியாயத்தை எடுத்துவிடலாமா என்று மருமகளிடம் கேட்டேன். அவள் இப்போது உயர்தரம் முடித்துவிட்டாள். முன்போல என் பிரதிகளைப் படிக்க நேரமில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “ஏன் எடுக்கவேண்டும்? அவருக்குத் தெரிந்திருக்கட்டும், சொல்லாமல் இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வரை மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன்.